விருந்துக்கு வந்த நிழல்கள்

அந்த வருஷம் கத்திரி வெயில் பிறந்த அன்று, காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில், ஆற்றுக்குத் தெற்கே பங்களாக்கள் நிறைந்த கமலாலயா அவென்யூவில் இருந்த தூங்குமூஞ்சி மரங்களின் நிழல்கள் எல்லாம் எழுந்து, மேலே ஒட்டிய சருகை உதறிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைக் கடந்து, வடகரையில் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்கு வந்து படுத்துக்கொண்டன. மரங்கள் வரவில்லை. மரங்களுக்கு வேர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, நினைத்தபோது கிளம்ப முடியாது. நிழலுக்கு என்ன, கட்ட வேண்டிய மூட்டை ஒன்றுமில்லை, எழுந்தால் நடக்கவேண்டியதுதான்.

பாலத்து முனையில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் முதலில் வந்த நிழலைக் கைகாட்டி நிறுத்தினார். பின்னால் இன்னும் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்ததும், தண்ணீர் லாரிகளையும் பஸ்களையும் நிறுத்திவிட்டு நிழல்களைப் போகச் சொன்னார். சிக்னலில் காத்திருந்தவர்கள் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நிழல்கள் தங்கள் மேல் ஏறி இறங்கிப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்கள், இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று சந்தோஷப்பட்டார்கள், பச்சை விழுந்ததும் ஆபீசுக்குப் போய்விட்டார்கள்.

வாரியக் குடியிருப்பில் அதுவரை மரம் என்று ஒன்று இருந்ததில்லை. கட்டுகிற காலத்தில் வரைபடத்தில் பச்சைப் பச்சையாக வட்டம் போட்டிருந்தார்களாம். அந்த வட்டங்கள் வரைபடத்திலேயே செழித்து வளர்ந்திருக்கும், இங்கே ஒன்றும் முளைக்கவில்லை. பிளாக்குகளுக்கு நடுவே பொட்டல் ஒன்று கிடந்தது. அதில் உடைந்த சிமெண்டுக் கட்டிகளும், காயப்போட்ட துணிகளும், காய்ந்துபோன நாய்களும் இருந்தன. நாலாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, தேசம்மாவின் வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த அந்த மாடி ராத்திரி முழுக்க அதை வீட்டுக்குள் கக்கும். பேனைப் போட்டால் அனல்தான் சுற்றி வரும்.

தேசம்மா ஒண்டியாக நின்று வளர்த்த ஒரே பெண் குணவதி. போன கத்திரியில், எட்டாம் மாதத்தில், அவள் வயிற்றுக்குள் இருந்த அசைவு ஒரு மத்தியானம் நின்றுபோனது. வளையல் போட்ட கை வெறுங்கையாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது. இந்தக் கத்திரியிலும் அவளுக்கு எட்டு நடந்துகொண்டிருந்தது. புருஷன்காரன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தான். "ஒடம்புல சூடு ஏறாம பாத்துக்கோம்மா" என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தாள். பெண்ணை எந்த இடத்தில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது என்று அவளும் சொல்லவில்லை, தேசம்மாவும் கேட்கவில்லை. ஈரத்துணியை மகள் வயிற்றில் போடுவதும், அது காய்ந்ததும் எடுத்து நனைப்பதுமாக இருந்தாள். பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். கேட்டுக்கேட்டே குணவதிக்குப் பாதி உயிர் போயிற்று.

நிழல்கள் வந்தபோது தேசம்மா லாரித் தண்ணீர் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டலில் நின்றாள். முதல் நிழல் போனது, இரண்டாவது போனது, மூன்றாவது வந்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கேபிள்காரர்கள் வெட்டிப்போட்ட கிளை இருந்த இடத்தில் பொக்கைப்பல் மாதிரி ஒரு சந்து. அவள் வேலை செய்கிற மூன்றாம் நம்பர் வீட்டு வாசலில் நிற்கிற மரத்தினுடைய நிழல் அது. நித்தியம் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் சாப்பிடுவது அதன் மடியில்தான்.

"ஐய, நீயா! இந்த வேகாத வெய்யில்ல நடந்தா வந்தே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வெயிலில் வந்தவர்களுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, நிழல் தலைவைத்துப் படுத்த இடத்தில் ஊற்றினாள்.

பிளாக் செயலாளர் டில்லிபாபு, ஆட்டோ ஓட்டுகிறவன், யாரும் தேர்ந்தெடுக்காமலே செயலாளர் ஆனவன், ஓடி வந்தான். "யக்கா, நெழலுக்கு எவனாவது தண்ணி ஊத்துவானா? மரத்துக்கு ஊத்துவாங்க. பிடிச்ச தண்ணியே பத்தல."

"மரம் அங்கியே குந்திகினு கீது. நடந்து வந்தது இதானே? தாகம் யாருக்கு இருக்கும், நீயே சொல்லு. வூட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடு. இன்னா ஏதுன்னு அப்பால கேக்கலாம்."

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். நியாயமாகத்தான் பட்டது. போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்தான். அதற்குப் பிறகு யார் வீட்டிலிருந்து வரவில்லை? மீன் விற்கிற வீடு, மாவு அரைக்கிற வீடு, மூட்டை தூக்குகிற வீடு, எல்லோரும் ஆளுக்கொரு சொம்பு கொண்டுவந்து, தங்களுக்குப் பக்கத்தில் படுத்த நிழலின் தலைமாட்டில் ஊற்றினார்கள். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று மட்டுமில்லை, நிழல்கள் அங்கே இருந்த நாள் எல்லாம் காலையில் லாரி வந்ததும் முதல் சொம்பு விருந்தாளிக்குத்தான் என்று ஆகிவிட்டது.

நிழல் வந்துவிட்டது, சரி, அதில் யார் உட்காருவது? அதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து நடந்தது. முதல் நாள் பலசாலிகள் உட்கார்ந்தார்கள், சீட்டுக்கட்டோடு. மறுநாள் காலையில் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குடத்தை வரிசையில் வைத்தார்கள். சிவப்புக் குடம், பச்சைக் குடம், நெயில் பாலீஷால் புள்ளி வைத்த குடம், கழுத்தில் கந்தல் கட்டிய குடம் என்று பொட்டலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நின்றன. குடம் நின்றால் ஆள் நின்றதற்குச் சமம் என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்; அதை நகர்த்தியவனுக்கு அந்த ஜென்மத்தில் தண்ணீர் கிடையாது. சீட்டாடினவர்கள் சீட்டை அள்ளிக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஆனால் தண்ணீர் வரிசைக்கும் நிழல் வரிசைக்கும் ஒரு வித்தியாசம் இருந்ததை அவர்களே சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். தண்ணீரை ஒருத்தி பிடித்தால் அடுத்தவளுக்குக் குறையும். நிழலில் ஒருத்தி உட்கார்ந்தால் குறையவில்லை, பத்துப் பேர் உட்கார்ந்தாலும் அது கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, இன்னும் வா என்பது போல விரிந்தது. வெயில் கிழக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும் அது வெயிலோடு சுற்றவில்லை. ஆட்கள் எங்கே இருந்தார்களோ அங்கே இருந்தது. சாயங்காலம், அக்கரையில் மரங்கள் இலையை மடக்குகிற நேரத்தில், இங்கே நிழல்களும் ஓரங்களை மடக்கிக்கொண்டு தூங்கின. நாளடைவில் குடங்கள் வரிசையை மறந்து கூட்டமாக நின்றன. பகலில் தூங்கியே பழக்கமில்லாத கைக்குழந்தைகள் தூங்கின. சிறுநீரகம் கெட்டுப்போன தையல்காரர் மெஷினைக் கீழே இறக்கி வைத்துத் தைத்தார். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்த ஜனங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அது வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்!

குணவதிக்கு மூன்றாம் நம்பர் நிழலில் நாடாக்கட்டில் போட்டார்கள். முதல் நாள் சாய்ந்ததும் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே, "ம்மா, ஒதைக்குது" என்றாள். தேசம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கும்பிட ஒரு முகம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லாததால் தரையையே பார்த்துக் கும்பிட்டாள்.

அக்கரையில் நடந்ததையும் சொல்லவேண்டும். மறுநாள் காலை தேசம்மா வேலைக்குப் போனபோது அவென்யூ வெளுத்துக் கிடந்தது. மரங்கள் இருந்தன, கிளைகள் இருந்தன, கீழே ஒன்றுமில்லை. வெயில் இலைகளைப் பொருட்படுத்தாமல் நேராக ரோட்டில் விழுந்தது. அங்கே இருந்தவர்கள் முதலில் ஆச்சரியப்படவில்லை, அவென்யூ குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். பிறகு ஏசியை அதிகமாக வைத்தார்கள். பங்களாவுக்குள் இருப்பவர்களுக்கு நிழல் போனதில் பெரிய நஷ்டமில்லை. வெளியே நின்றவர்களுக்குத்தான் எல்லாம். அவென்யூவின் இரும்பு கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஏகாம்பரம் வாரியக் குடியிருப்புக்காரர், தேசம்மாவுக்குக் கீழ்வீடு. பெஞ்சாதியும் பேரனும் இங்கே நிழலில் இருக்க, அவர் அங்கே தொப்பிக்குள் வெந்துகொண்டிருந்தார். ஒருநாள் தேசம்மா வருவதைப் பார்த்துக் கேட்டைத் திறக்க எழுந்தவர், திறக்காமலே சரிந்தார். அவள் முந்தானையை நனைத்து அவர் முகத்தில் போட்டாள்.

"நம்ம நெழலு நல்லா கீதாம்மா?" என்று கேட்டார் கண் திறந்ததும்.

"நல்லா கீதுண்ணா" என்றாள். நமக்கு வந்தது இன்னொருத்தன் தலையிலிருந்து வந்திருக்கிறது, அந்த இன்னொருத்தனும் நம்ம ஆளாகவே இருக்கிறான், இது என்ன கணக்கு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் நம்பர் மரம் உச்சியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. காலடியில் நிழல் இல்லாத மரத்துக்கு வேர் சுட்டது.

அடுத்த வாரம் அவென்யூக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாலத்தைக் காரில் தாண்டியிருப்பார்கள், நடந்து தாண்டியது அன்றுதான். முன்னால் சங்கத் தலைவர், பின்னால் தேசம்மா வேலை செய்கிற மூன்றாம் நம்பர் வீட்டு அம்மா நீலாயதாட்சி, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலைவர் பொட்டலின் ஓரத்தில் நின்று, நிழல்களே, கிளம்பலாம் என்றார். நிழல்கள் அசையவில்லை. கொஞ்சம் அதட்டிப் பார்த்தார். பிறகு தேசம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்கல்லாம் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"நெழலப் புடிச்சு வெக்க முடியுமா சார்? தோ பாருங்க, அது மேல பொம்பளைங்க குந்திகினு கீறாங்க, புள்ளைங்க தூங்குதுங்க. மடியில புள்ள தூங்கறப்ப நீங்க எந்திரிப்பீங்களா?"

வெயிலில் நடந்து வந்த நீலாயதாட்சிக்கு அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குணவதி பெருத்த வயிற்றோடு கட்டிலில் ஒதுங்கி இடம்விட்டு, சொம்பை எடுத்து நீட்டினாள். நீலாயதாட்சி குடித்தார். சுற்றிப் பார்த்தார். தன் வாசலில் இத்தனை வருஷம் கிடந்த நிழலில் இத்தனை பேர் உட்கார முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை; அங்கே அதில் இரண்டு கார்கள்தான் நிற்கும்.

"உன் வீட்டைக் காட்டு, தேசம்மா" என்றார்.

பத்து வருஷமாகத் தன் வீட்டில் வேலை செய்கிறவளின் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறினார். உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயையும் ஈரத்துணி வாளியையும் பார்த்தார். போன வருஷம் பிள்ளை தவறியதாகத் தேசம்மா லீவு கேட்டதும், ஐயோ பாவம் என்று தான் சொன்னதும், அதற்குமேல் ஒன்றும் கேட்காததும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்தன.

"இந்த ரூம்லயா படுத்திருந்தா?"

"இது ஒண்ணுதான்மா ரூமு."

நீலாயதாட்சி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "மரமெல்லாம் சாகுது, தேசம்மா. மரம் செத்தா இந்த நிழலும் இருக்காது. உன்னை ஏமாத்தறதுக்காகச் சொல்லல" என்றார்.

"தெரியும்மா. நானே பாத்தேன். ஏகாம்பரண்ணனையும் பாத்தேன்" என்றாள் தேசம்மா. "ஆனா எம் பொண்ண மறுபடியும் இந்த ரூமுல படுக்க வெக்க மாட்டேன். போன தபா என்னான்னு தெரியாம வுட்டேன். இந்த தபா தெரிஞ்சு எப்படிமா வுடுவேன்?" அவள் அழவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே இறங்கி வந்தபோது குணவதி தானாகவே கட்டிலை விட்டு எழுந்து நின்றிருந்தாள். மாடியில் பேசினால் படி வழியாகக் கீழே கேட்கத்தான் செய்யும். "நான் எந்திரிச்சாத்தானே அது எந்திரிக்கும்? மரம் சாவ வாணாம்மா" என்றாள். தேசம்மா பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ குந்துடி!"

அப்போது நீலாயதாட்சி சொன்னார், "நிழல் வரட்டும். அது மேல இருக்கிறவங்களும் வரட்டும்."

"எல்லாருமா?" என்று தலைவர் கேட்டார். "அவென்யூக்குள்ளயா? கேட் இருக்கு, ரூல்ஸ் இருக்கு…"

"கேட்டை எடுத்துடலாம்" என்றார் நீலாயதாட்சி. "ரோடு நம்முது இல்ல, எல்லாருக்குமானது. எனக்கு இது முப்பது வருஷமாத் தெரியும். வசதியா இருந்ததால சொல்லல."

தலைவர் குடையை மடக்கினார், விரித்தார். பிறகு அவருக்கும் நிழலுக்குள் வந்து நிற்கத்தான் தோன்றியது. நின்றார்.

இப்படியாக, உச்சி வெயிலில், வாரியக் குடியிருப்பு முழுவதும் கிளம்பியது. நாடாக்கட்டிலை நாலு பேர் தூக்க, அதன்மேல் குணவதி உட்கார, பக்கத்தில் தேசம்மா ஒரு கையால் மகள் முழங்காலைப் பிடித்தபடி நடக்க, நிழல்கள் தரையை விட்டு எழுந்து அவர்களோடு நடந்தன. தையல் மெஷின் வந்தது, சொம்புகள் வந்தன, தூங்குகிற குழந்தைகள் தோளில் தூங்கியபடியே வந்தன. டில்லிபாபு ஆட்டோவை உருட்டிக்கொண்டு முன்னால் போய், வழி வுடுங்க, வழி வுடுங்க என்று கத்தினான், யாரும் வழியை மறிக்காதபோதும். பாலத்தின்மேல் தார் உருகிக் கிடந்தது; அந்தக் கூட்டம் நடந்த இடம் மட்டும் கால் வைக்கும்படி குளிர்ந்தது. பெயர் சொன்னாலே மூக்கைப் பொத்தச் செய்கிற அந்த ஆறுகூட நிழல் மேலே விழுந்த நேரத்தில் நாற்றம் இல்லாமல் ஓடியது. பாலத்து முனையில் டிராபிக் போலீஸ்காரர் இந்தத் தடவை கேட்காமலே எல்லாவற்றையும் நிறுத்தினார்.

கேட்டின் கீலை ஏகாம்பரமே கழற்றினார். இத்தனை வருஷம் தன் கையால் சாத்தியதை அவிழ்க்கிற உரிமை தனக்குத்தான் உண்டு என்று யாரையும் தொடவிடவில்லை. நிழல்கள் உள்ளே போய், தங்கள் தங்கள் மரத்தின் காலடியைக் கண்டுபிடித்துப் படுத்தன. மரங்கள் சிலிர்த்தன, உதிராமல் மிச்சம் இருந்த இலைகளெல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பங்களாக்காரர்கள் சிலர் ஜன்னலை மூடினார்கள், சிலர் மோர் கொண்டுவந்தார்கள், நாலைந்து நாளில் ஜன்னலை மூடினவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்தார்கள். கார்களை எங்கே நிறுத்துவது என்று ஒரு சண்டை நடந்தது. அதில் கார்கள் தோற்றன.

குணவதி காலையில் மரத்தடிக்கு வருவாள், சாயங்காலம் மரம் இலை மடக்கியதும் உள்ளே போவாள். ராத்திரிக்கு நீலாயதாட்சி வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையை அவள் அப்படித்தான் கடந்தாள். ஆனி மாதத்தில் மூன்றாம் நம்பர் மரத்தடியில் வலி எடுத்து, டில்லிபாபுவின் ஆட்டோவில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய், பெண் குழந்தை பெற்றாள். அழுத சத்தம் வராண்டாவில் நின்ற தேசம்மாவுக்குக் கேட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சாமி பெயரெல்லாம் சொல்லி, கடைசியில் மரத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

குழந்தையோடு வாரியக் குடியிருப்புக்குத் திரும்பிய காலையில், பொட்டலில் கூட்டமாக இருந்தது. விருந்தாளிகளுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிய தலைமாடுகளில், சிமெண்டுக் கட்டிகளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு செடி நின்றது. விதை எங்கிருந்து வந்தது என்று டில்லிபாபு கேட்டான். எல்லோரும் அவரவர் வீட்டுச் செடிக்கு வேலி கட்டுகிற அவசரத்தில் இருந்தார்கள். நீலாயதாட்சி பாலத்தைக் கடந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு நடந்து வந்திருந்தார். தாவரவியல் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஊற்றினார்.

தேசம்மாவின் செடி முழங்கால் உயரம். அதற்கு ஐந்தாறு இலை. வெயில் ஏறி வந்துகொண்டிருந்தது, அந்த ஐந்தாறு இலைக்கும் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல் விழுந்திருந்தது. எங்கிருந்தும் வந்ததில்லை, எங்கும் திரும்பிப் போகவேண்டியதில்லை, அங்கேயே பிறந்தது. பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இதில் யாரை உட்கார வைப்பது என்று ஒருத்தி சிரித்தாள்.

தேசம்மா பேத்தியைத் துணியோடு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். துணியை விலக்கி, குழந்தையின் இடது காலை மட்டும் வெளியே எடுத்து, அந்த நிழலில் வைத்தாள். சரியாக ஒரு கால்தான் கொண்டது. குழந்தை விரல்களை மடக்கியது, விரித்தது.

"இந்த வருசத்துக்கு ஒரு காலு போதும், தாயி" என்று செடியிடம் சொன்னாள் தேசம்மா. "நீ மெதுவா வளரு. நாங்க இருக்கோம்."